கையொப்பம் யாருடையது?

எமது கிராமங்களில் ஒரு குடும்பம் ஓராண்டு காலத்தில் எத்தனை கடதாசிகளில் ஒப்பமிடுகின்றது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பிள்ளையின் பாடசாலைத் தேர்ச்சி அறிக்கை, வாக்காளர் இடாப்புப் படிவம், அஸ்வெசும விண்ணப்பம், உர மானியப் படிவம், சங்கத்தின் கடன் புத்தகம், பிறப்புப் பதிவு, விவாகப் பதிவு, மரணப் பதிவு என்று கடதாசி எம்மைத் தொடர்ந்துகொண்டே இருக்கின்றது. எழுத வாசிக்கத் தெரிந்தவர் கையொப்பமிடுகின்றார். தெரியாதவர் பெருவிரலைப் பதிக்கின்றார்.

சிவில் சுதந்திரம், மறுத்துப் பேசும் உரிமை என்றெல்லாம் கேட்கும்பொழுது நாம் பெரும்பாலும் மேடையையும் ஊர்வலத்தையும் சிறைச்சாலையையுமே நினைத்துக்கொள்கின்றோம். அவை கொழும்பில் நடப்பவை, படித்தவர்களுக்கும் கட்சிக்காரருக்கும் உரியவை என்ற எண்ணம் எமது மக்களிடையே பரவலாக உள்ளது. அடுப்படியிலும் வயலிலும் கடற்கரையிலும் வாழ்க்கையைக் கழிக்கும் குடும்பத்துக்கு அவற்றால் என்ன பயன் என்றும் கேட்கின்றார்கள். நியாயமான கேள்விதான். ஆயினும் குடும்பமும் அதிகாரமும் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. அது கடதாசியின் அடியில் விடப்பட்டிருக்கும் அந்தச் சிறிய கோடு.

ஒப்பமிடுவது என்றால் சம்மதிப்பது. ஆனால் மறுக்க முடியாத ஒருவரிடமிருந்து பெறப்படும் ஒப்பம் சம்மதமாகுமா? 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம், பொலிஸ் உயரதிகாரியிடம் கொடுக்கப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் சான்றாக ஏற்க இடமளித்தது. மட்டக்களப்பைச் சேர்ந்த ஒரு தமிழ் இளைஞர் 1993இல் கைதுசெய்யப்பட்டார். தமக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் தட்டச்சுச் செய்யப்பட்ட வாக்குமூலத்தில் பலவந்தமாகப் பெருவிரலைப் பதிக்கச் செய்தனர் என்று அவர் முறையிட்டார். அந்த வாக்குமூலத்தை வைத்தே 1995இல் அவருக்கு 50 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2004இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு அவருடைய உரிமைகள் மீறப்பட்டன என்று கூறியது. எனினும் 2006இல் உயர் நீதிமன்றம் அவருடைய மனுவை நிராகரித்தது. ஒரு மனிதனின் பெருவிரலை இன்னொருவர் பிடித்து அழுத்தும்பொழுது என்ன நேரிடுகின்றது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

இது கொடிய எல்லை. எமது அன்றாட வாழ்வில் பெருவிரலை யாரும் இவ்வளவு வெளிப்படையாகப் பிடிப்பதில்லை. ஆனால் வேறு வழிகளில் பிடிக்கின்றார்கள். அவற்றை அடையாளம் காண, அக்கரைப்பற்றையும் அதனை அண்டிய கரையோர ஊர்களையும் சற்று உற்றுப் பார்ப்போம்.

வீடு பெண்ணுடையது

கல்முனையிலிருந்து பொத்துவில் வரையான அம்பாறைக் கரையோரத்தில் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களிலும், சில இடங்களில் அடுத்தடுத்த தெருக்களிலும் வாழ்கின்றனர். அக்கரைப்பற்றுக்குப் பக்கத்திலேயே ஆலையடிவேம்பு இருக்கின்றது. வணக்க முறையில் வேறுபட்டாலும் குடும்ப வாழ்வில் இவர்களிடையே வியக்கத்தக்க ஒற்றுமை உண்டு. தாய்வழியாக வரும் 'குடி' முறை இரு சமூகத்தாருக்கும் பொதுவானது. மகளுக்குக் கலியாணம் என்றால் வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். வசதி குறைந்த பெற்றோர் தாம் இருந்த வீட்டையே மூத்த மகளுக்கு எழுதிவிட்டு, வளவுக்குள்ளேயே சிறிய வீடொன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்கிவிடுவர். டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கி இவ்வழக்கங்களை ஆராய்ந்து, 2008இல் பெரிய நூலாகவே வெளியிட்டிருக்கின்றார்.

ஆகவே இக்கரையில் வீடு என்பது வழமையாகப் பெண்ணுடையது. இந்தச் சீதன முறையால் பெற்றோர் படும் பாடு வேறொரு கதை. ஒரு வீடு கட்டி முடிப்பதற்காக வாப்பாவும் காக்காமாரும் ஆண்டுக்கணக்காக மத்திய கிழக்கில் உழைப்பதை நாம் அறிவோம். எனினும் வீட்டுரிமை பெண்ணிடம் இருப்பதில் ஒரு நன்மையும் உண்டு. கணவன் விட்டுப் போனாலும் அவள் தெருவுக்கு வரவேண்டியதில்லை.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தது. நாட்டிலேயே மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்தான்; பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அழிந்த வீடுகளுக்கு நிவாரணமும் புதிய வீடும் வழங்குவதற்காகப் படிவங்கள் வந்தன. அவற்றில் 'குடும்பத் தலைவர்' என்றொரு கூடு இருந்தது. கணவன் உயிரோடு இருந்த குடும்பங்களில் அதில் பெரும்பாலும் ஆணின் பெயரே எழுதப்பட்டது. தாய் தந்தையர் கொடுத்த வீட்டைக் கடலுக்குப் பறிகொடுத்த பெண், புதிய வீட்டின் பத்திரத்தில் காணாமற் போனாள். அலை கொண்டுபோகாத உரிமையைப் படிவம் கொண்டுபோய்விட்டது.

எந்த உத்தியோகத்தரும் பெண்களுக்குத் தீங்கு செய்ய வேண்டும் என்று திட்டமிட்டு இதைச் செய்ததாக நாம் கருதவில்லை. யாரும் கேட்கவில்லை; அவ்வளவுதான். "இந்த வீடு யாருடையது?" என்று கேட்டிருந்தால் இக்கரையில் எந்தச் சிறு பிள்ளையும் "உம்மாட வீடு", "அம்மாட வீடு" என்று சொல்லியிருக்கும். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இயங்கிய பெண்கள் அமைப்புகள் இதனைச் சுட்டிக்காட்டிக் குரல் எழுப்பின. பெண்ணின் பெயரிலோ, குறைந்தது இருவர் பெயரிலுமோ பத்திரம் தரவேண்டும் என்று கோரின. அனர்த்த நேரத்தில் இதெல்லாம் ஒரு பிரச்சினையா, கிடைத்ததை வாங்கிக்கொள்ளக்கூடாதா என்று கேட்டவர்களும் இருந்தனர். கூரையில்லாத நேரத்தில்கூட "இந்தப் படிவம் பிழை" என்று சொல்லத் துணிந்த அந்தப் பெண்கள் செய்ததுதான் கருத்து மாறுபாடு. அதற்கு மேடை தேவைப்படவில்லை.

இப்படிச் சொல்வதால் பயன் விளைவதும் உண்டு. குடியேற்றத் திட்டங்களில் வழங்கப்பட்ட அரச காணிகளை ஆளும் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 1935ஆம் ஆண்டுக்குரியது. பின்னுரிமையாளர் பெயரிடப்படாத காணி யாரைச் சேரும் என்பதில் அச்சட்டம் ஆண் வாரிசுகளுக்கே முன்னுரிமை கொடுத்துவந்தது. கல்லோயாத் திட்டத்தின் கீழ் விவசாயம் செய்யும் எமது மாவட்டத்துக்கு இது சிறிய விடயமல்ல. பெண்கள் அமைப்புகள் பல ஆண்டுகள் தொடர்ந்து சுட்டிக்காட்டிவந்த அந்தப் பாகுபாடு 2022இல் செய்யப்பட்ட திருத்தத்தின் மூலம் நீக்கப்பட்டது. எண்பத்தேழு ஆண்டுகள் சென்றன என்பது வெட்கத்துக்குரியது. சொல்லிக்கொண்டே இருந்திராவிட்டால் இன்னும் எண்பது ஆண்டுகள் சென்றிருக்கும்.

ஒப்பமிட மறுத்த குடும்பங்கள்

கொரோனாத் தொற்றுக் காலத்தில் இக்கரையின் குடும்பங்கள் கண்ட சோதனை வேறு விதமானது. இறந்தவரை அடக்கம் செய்யலாம் அல்லது தகனம் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020 மார்ச் மாதத்திலேயே வழிகாட்டியிருந்தது. ஆனால் 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வெளியான வர்த்தமானி, கொரோனாவால் இறந்த அனைவரையும் எரித்தே ஆகவேண்டும் என்று கட்டளையிட்டது. இறந்தவரைக் குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுகை நடத்தி, மண்ணில் வைப்பது முஸ்லிம் குடும்பங்களுக்கு வெறும் சடங்கல்ல. உயிரோடிருப்பவர் மீது சுமத்தப்பட்ட கடமை. அக்கடமையை நிறைவேற்ற முடியாத மகனும் மகளும் வாழ்நாள் முழுவதும் அதைச் சுமப்பர். மண்ணில் அடக்கம் செய்யும் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவும் இதே வேதனையை அனுபவித்தன.

2020 நவம்பர் இறுதியில் அக்கரைப்பற்றில் தொற்று பரவி, ஊர் தனிமைப்படுத்தப்பட்டது. சந்தை பூட்டப்பட்டது, கூலி இல்லை, வருத்தக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவே வீட்டார் அஞ்சினர். செத்தால் எரித்துவிடுவார்கள் என்ற பயம் நோயின் பயத்தை மிஞ்சியது. நோயை மறைக்கச் செய்யும் ஒரு கட்டளை சுகாதாரத்துக்கு நல்லதா என்று கேட்டவர்களுக்குப் பதில் கிடைக்கவில்லை. டிசம்பர் 1ஆம் திகதி, இக்கட்டளைக்கு எதிரான மனுக்களை விசாரணைக்கு எடுக்காமலே உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சில நாட்களில், பிறந்து 20 நாட்களேயான முஸ்லிம் குழந்தையொன்றின் உடல், பெற்றோரின் சம்மதமின்றிக் கொழும்பில் எரிக்கப்பட்டது.

அப்பொழுது குடும்பங்கள் என்ன செய்தன? பலர் ஒப்பமிட மறுத்தார்கள். தகனத்துக்குச் சம்மதமென்று எழுதிக்கொடுக்கவும், உடலைப் பொறுப்பேற்கவும், பெட்டிக்குப் பணம் கட்டவும் மறுத்தார்கள். எரிப்பதைத் தடுக்க எங்களால் முடியாமலிருக்கலாம், ஆனால் அது எங்கள் சம்மதத்தோடு நடந்ததாக எழுத விடமாட்டோம் என்பதே அதன் பொருள். இவ்வாறு பொறுப்பேற்கப்படாத உடல்களை எரிக்கலாம் என்று சட்டமா அதிபர் ஆலோசனை வழங்கினார். வாசலில் நின்று அழுத குடும்பத்தின் உடல், கடதாசியில் 'உரிமை கோரப்படாத உடல்' ஆகியது. கடதாசி எவ்வளவு பெரிய பொய்யைச் சொல்லக்கூடியது என்பதை எமது மக்கள் அன்று கண்டுகொண்டார்கள்.

அந்த டிசம்பரில் பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டத் தொடங்கினர். இரவோடிரவாக அவை அகற்றப்பட்டன. அதன்பின் நாடெங்கும் வீட்டு வாசல்களிலும் படலைகளிலும் வெள்ளைத் துணி தொங்கியது. முஸ்லிம்கள் மட்டுமல்ல, பௌத்த, கிறிஸ்தவ குருமாரும் சாதாரண மக்களும் கட்டினார்கள். ஊரடங்கிய நேரத்தில், ஊர்வலம் போக வழியில்லாத நேரத்தில், வீட்டிலிருக்கும் பெண்ணும் பிள்ளையும் செய்யக்கூடிய எதிர்ப்பு அதுவாக இருந்தது.

2021 பெப்ரவரி 3ஆம் திகதி பொத்துவிலில் ஒரு நடைபயணம் தொடங்கி, 7ஆம் திகதி யாழ்ப்பாணத்துப் பொலிகண்டியில் முடிந்தது. நீதிமன்றத் தடையுத்தரவுகளையும் பொலிஸ் தடைகளையும் தாண்டி அது இக்கரையோரப் பாதையாலேயே வடக்கு நோக்கிச் சென்றது. தமிழர்களின் காணி, காணாமல் ஆக்கப்பட்டோர், அரசியல் கைதிகள் ஆகிய கோரிக்கைகளோடு ஜனாஸா எரிப்பை நிறுத்து என்ற கோரிக்கையும் அதில் இருந்தது. முஸ்லிம் ஊர்களின் மக்களும் சேர்ந்து நடந்தார்கள். 1990இன் இரத்தக்கறை மாறாத இரு சமூகங்கள் ஒரே பாதையில் நடந்ததை இக்கரை நெடுங்காலம் கண்டதில்லை.

அம்மாத இறுதியில் கட்டளை மாற்றப்பட்டது. மார்ச் 5ஆம் திகதி முதல் ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. பின்னர் வந்த ஓராண்டில் எல்லாச் சமயத்தவருமாக 3,600க்கும் மேற்பட்டோர் அந்த மண்ணில் வைக்கப்பட்டார்கள். அதற்கு முன் எரிக்கப்பட்ட முஸ்லிம்களின் தொகை 276 என்பது அரசாங்கக் கணக்கு. 2024 ஜூலையில் அமைச்சரவை இக்கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கேட்டது. எரிந்த உடல் மன்னிப்பால் திரும்பிவராது. ஆனால் அந்த நாட்களில் ஒப்பமிட மறுத்த குடும்பங்கள் பக்கமே நியாயம் இருந்தது என்பது இப்பொழுது அரசின் பதிவிலும் ஏறிவிட்டது.

இவர்களுடைய அயலிலேயே இன்னொரு மறுப்பு இதைவிட நீண்ட காலமாக நடந்துவருகின்றது. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 முதல் வீதியோரங்களில் அமர்ந்தார்கள். அம்பாறைக் கரையோரத் தமிழ்த் தாய்மாரும் அவர்களில் அடங்குவர். மரணச் சான்றிதழைப் பெற்றுக்கொள்ளுங்கள், நட்டஈடு தருகின்றோம் என்று பல தடவை அவர்களிடம் சொல்லப்பட்டது. 2016இல், ஆள் காணப்படவில்லை என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கும் சட்டம் வழிசெய்தது. சிலர் பெற்றுக்கொண்டார்கள், அவர்களைக் குறைகூற யாருக்கும் உரிமையில்லை. பலர் மறுத்துவிட்டார்கள். கையில் கொடுத்த பிள்ளைக்கு என்ன நடந்தது என்று சொல்லாமல், அவன் இறந்தான் என்று எங்களை எழுதவைக்காதீர்கள் என்பதே அவர்களுடைய வாதம். முஸ்லிம் குடும்பத்துக்கு உடல் இருந்தது, மண் கிடைக்கவில்லை. தமிழ்த் தாய்க்கு உடலே கிடைக்கவில்லை. இருவரிடமும் கேட்கப்பட்டது ஓர் ஒப்பம். இருவரும் கொடுக்க மறுத்தது அதைத்தான்.

வீட்டுக்குள் கேட்கப்படாத சம்மதம்

இவ்வளவும் அரசாங்கத்தைப் பற்றியது. அரசாங்கத்தைக் குறைகூறுவது ஒப்பீட்டளவில் எளிது. எமது குடும்பங்களுக்குள் நிலைமை என்ன என்று கேட்பதுதான் கடினம். ஆயினும் கேட்காமல் விட முடியாது.

1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் விவாகப் பதிவில் மணமகனின் ஒப்பத்தையும், 'வொலி' எனப்படும் பெண்ணின் பாதுகாவலரது ஒப்பத்தையும், நிக்காஹ்வை நடத்திவைப்பவரது ஒப்பத்தையும் வேண்டி நின்றது. மணமகளின் ஒப்பத்தை அது கேட்கவில்லை. பெண்ணின் சம்மதம் மார்க்கத்தில் அவசியம் என்று அறிஞர்களே எடுத்துச் சொல்கின்றார்கள். ஆனால் அச்சம்மதத்துக்குப் பதிவுப் புத்தகத்தில் ஓர் இடம் இல்லை. பொதுச் சட்டத்தில் 1995இல் திருமண வயது 18 ஆக உயர்த்தப்பட்டபொழுதும் அது இச்சட்டத்தைத் தொடவில்லை. அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை, முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லுபடியாகும் என்கின்றது. எனவே நீதிமன்றத்தில் கேள்வி கேட்பதும் எளிதாக இருக்கவில்லை. இதனைச் சீராய்வதற்கு நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009இல் அமைக்கப்பட்ட குழு, ஒன்பது ஆண்டுகளின் பின் 2018இல், அதுவும் முக்கிய விடயங்களில் இரண்டாகப் பிரிந்த கருத்துகளோடு அறிக்கை கொடுத்தது. காதி நீதிமன்ற வாசல்களில் தாபரிப்புப் பணத்துக்காக அலையும் பெண்கள், அறிக்கை வருவதற்கு முன்பும் அலைந்தார்கள், பின்பும் அலைந்தார்கள்.

இது ஒரு சமூகத்தின் குறை மட்டுமல்ல. வடக்கில் தேசவழமைக்குட்பட்ட விவாகமான பெண், தன் பெயரிலுள்ள காணியை விற்பதற்குக் கணவனின் எழுத்து மூலமான சம்மதத்தைப் பெறவேண்டும் என்பது 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் விதி. காணி அவளுடையது, ஒப்பம் அவனுடையது. கிழக்கின் தமிழ்க் குடும்பங்களில் மணப்பெண் பதிவுப் புத்தகத்தில் ஒப்பமிடுகின்றாள். ஆனால் மண்டபமும் சாப்பாடும் ஏற்பாடாகி உறவினர் வந்து குவிந்த பின் நீட்டப்படும் பேனையை அவள் மறுக்க முடியுமா?

இன்னொன்றையும் கவனியுங்கள். நுண்கடன் கம்பனிகள் எமது கிராமங்களுக்கு வந்தபொழுது தேடிப் பிடித்தது பெண்களையே. ஐந்து பேர் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நிற்கும் குழுக்களில் அவர்களை ஒப்பமிடவைத்தார்கள். பணம் எத்தனை வீடுகளில் கணவனின் கைக்குப் போனது என்பது ஊருக்குத் தெரியும்; வாரந்தோறும் அறவிட வருபவருக்குப் பதில் சொன்னவள் பெண். இக்கடன் சுமை பெருகி, 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாய்க்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வர வேண்டியதாயிற்று. ஆக, கடனுக்குப் பெண்ணின் ஒப்பம் போதும். கலியாணத்துக்கு அது வேண்டியதில்லை. இந்த முரண்பாட்டை நாம் எவ்வளவு காலம் இயல்பானதாக ஏற்றுக்கொள்ளப் போகின்றோம்?

இப்போது பேசலாமா?

இவ்விடத்தில் எழுப்பப்படும் ஓர் எதிர்வாதத்தை நாம் அலட்சியம் செய்யக்கூடாது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின் முஸ்லிம் சமூகம் முழுவதும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டது. சாய்ந்தமருதில் ஒளிந்திருந்தவர்களைப் பற்றித் தகவல் கொடுத்ததே அவ்வூர் மக்கள்தான் என்பது விரைவில் மறக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் இறுதியில் அவசரகால விதியின் கீழ் முகத்தை மூடுவது தடைசெய்யப்பட்டது. முஸ்லிம் தனியார் சட்டத்தையே ஒழித்துவிட வேண்டும் என்று இனவாதிகள் கூச்சலிட்டார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் எமது குறையை நாமே வெளியில் சொன்னால் எதிரிக்கு ஆயுதம் கொடுத்ததாகாதா என்று பலர் கேட்டார்கள். போர்க்காலத்தில் தமிழ்ச் சமூகத்திலும் இதே கேள்வி கேட்கப்பட்டது. முதலில் விடுதலை, பிறகு மற்றவை என்றார்கள். கேள்வி கேட்டவர்களுக்குத் துரோகி என்று பெயர் வந்தது. சிலர் உயிரையே இழந்தார்கள்.

அச்சம் உண்மையானது. ஆனால் முகம் மூடும் தடையையும் மணப்பெண்ணின் ஒப்பமில்லாத பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒன்று அரசாங்கம் செய்தது, மற்றது சமூகம் காத்துவந்தது. ஒன்றை இனவாதிகள் கொண்டாடினார்கள், மற்றதைப் பெரியவர்கள் பாதுகாத்தார்கள். இரண்டிலும் அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை. அவளுடைய உடையையும் அவளுடைய வாழ்க்கைத் துணையையும் அவளுக்காக வேறு யாரோ தீர்மானித்தார்கள். சீர்திருத்தம் கேட்ட முஸ்லிம் பெண்கள் இதைத் தெளிவாகவே சொன்னார்கள். எங்கள் சட்டத்தை ஒழிக்கச் சொல்லவில்லை, அதற்குள் எங்களுக்கும் இடம் தாருங்கள் என்றார்கள். வெளியிலிருந்து திணிக்கப்படும் கட்டளைக்கும், உள்ளிருந்து எழும் கோரிக்கைக்கும் வேறுபாடு தெரியாதவர்களாக நாம் நடந்துகொள்வது அந்தப் பெண்களுக்குச் செய்யும் அநீதி. மேலும், பேசுவதற்கு உகந்த நேரம் என்று ஒன்று வரும்வரை காத்திருந்தவர்களுக்கு 1951இலிருந்து அது வந்ததில்லை.

வீட்டில் "எனக்கு இதில் விருப்பமில்லை" என்று சொல்லிப் பழகாத பிள்ளை, பிரதேச செயலகத்தில் உத்தியோகத்தருக்கு முன்னால் எப்படிச் சொல்லும்? வாப்பாவின் சொல்லுக்கு மறுசொல் இல்லை, ஐயாவின் முகத்தைப் பார்த்துப் பேசக்கூடாது என்று வளர்ந்தவன், பின்னொரு நாள் ஆயுதம் தாங்கியவன் முன் பெருவிரலை நீட்டமாட்டான் என்பதற்கு என்ன உறுதி? மரியாதை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பெரியோரை மதிப்பது எமது வாழ்வின் அழகு. ஆனால் மதிப்பதும் வாய்மூடி இருப்பதும் ஒன்றல்ல.

நாம் செய்யக்கூடியவை

எமது சங்கங்களும் குடும்பங்களும் உடனே கைக்கொள்ளக்கூடிய சில பழக்கங்களை இங்கு முன்வைக்கின்றோம். இவற்றுக்குப் பணம் தேவையில்லை.

முதலாவது, எந்தக் கடதாசியையும் வீட்டிலுள்ள எல்லோரும் கேட்க உரத்து வாசித்த பின்பே ஒப்பமிடுவோம். வாசிக்கத் தெரியாத பெற்றோருக்குப் பிள்ளை வாசித்துக் காட்டட்டும். விளங்காத மொழியிலுள்ள கடதாசியில் ஒப்பமிட வேண்டாம். 1987இன் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி. படிவத்தைத் தமிழில் கேட்பது சலுகையல்ல, உரிமை.

இரண்டாவது, வீட்டுக்கும் காணிக்கும் பத்திரம் எழுதும்பொழுது அது உண்மையில் யாருடையது என்று கேட்டு எழுதுவோம். கணவன், மனைவி இருவரும் உழைத்துப் பெற்றதாயின் சட்டம் இடமளிக்கும் இடங்களில் இருவர் பெயரையும் எழுதுவோம். 'குடும்பத் தலைவர்' என்ற கூட்டைக் கண்டால், அதில் யாருடைய பெயர் வரவேண்டும் என்பதை வீட்டார் பேசித் தீர்மானிக்கட்டும்.

மூன்றாவது, பதிவுப் புத்தகம் கேட்காவிட்டாலும், மணப்பெண் தன் கைப்பட "எனக்குச் சம்மதம்" என்று ஒரு தாளில் எழுதி ஒப்பமிட, அதை நிக்காஹ் பத்திரத்தோடு வைத்துக்கொள்ளும் வழக்கத்தைப் பள்ளிவாசல்களின் மரைக்காயர்மார் யோசிக்கலாம். அந்தத் தாளைத் திருமண நாளன்று அல்ல, பேச்சுவார்த்தை நடக்கும் காலத்திலேயே கேட்க வேண்டும். தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பொருந்தும்.

நான்காவது, மாதர் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம், கமக்காரர் அமைப்பு எதுவாயினும், கூட்ட அறிக்கையில் தீர்மானத்தை மட்டும் எழுதாமல், அதை ஏற்காதவர் யார், ஏன் ஏற்கவில்லை என்பதையும் எழுதுவோம். 'ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று எழுதுவதில் எமது செயலாளர்களுக்குப் பெரும் விருப்பம். பேசாமல் இருந்தவர்களின் மனதை யார் அறிவார்?

ஐந்தாவது, அரச அலுவலகங்கள் எம்மைப்பற்றி எழுதிவைத்திருப்பதைக் கேட்டுப் பெறுவோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எந்தப் பிரசைக்கும் அதற்கு வழி தந்திருக்கின்றது. எங்கள் பெயர் பயனாளிகள் பட்டியலில் ஏன் இல்லை, எங்கள் காணி யார் பெயரில் பதியப்பட்டுள்ளது என்று எழுத்தில் கேட்டால், அலுவலகம் எழுத்தில் பதில் சொல்லக் கடமைப்பட்டுள்ளது.

இவை சிறிய காரியங்கள். ஆனால் படலையில் கட்டிய வெள்ளைத் துணியும் சிறியதுதான். சுதந்திரம் என்பது அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையில் எழுதப்பட்டிருக்கின்றது. பேச, கூட, அமைதியாக ஒன்றுசேர எமக்கு உரிமையுண்டு என்று அது சொல்கின்றது. எழுத்திலிருப்பதை வாழ்வுக்குக் கொண்டுவருவது குடும்பங்களே. அடுத்த தடவை ஒரு படிவம் எமது வீட்டு வாசலுக்கு வரும்பொழுது, பேனையை எடுக்கும் முன் வீட்டிலுள்ள ஒவ்வொருவரிடமும், குறிப்பாக இதுவரை கேட்கப்படாதவரிடம், "உனக்கு இது சம்மதமா?" என்று கேட்போம். "இல்லை" என்று பதில் வந்தால் கோபிக்காமல், ஏன் என்று கேட்டு உட்காருவோம். அரசாங்கத்திடம் நாம் எதிர்பார்ப்பதும் இவ்வளவுதானே!